பவளமல்லி வளர்ப்பு (தென்காசி - குற்றாலம் பகுதி)

பவளமல்லி (பவழமல்லி, பவழமல்லிகை) என்பது மாலையில் மலர்ந்து விடியற்காலையில் உதிரும் நறுமணப் பூக்களைக் கொண்ட பெருஞ்செடி ஆகும். இதன் தாவரவியல் பெயர் நிக்டாந்தெசு ஆர்போர்-டிரிசுடிசு. முல்லை, மல்லிகை ஆகியவை அடங்கிய ஒலியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. தெற்காசியாவையும் தென்கிழக்கு ஆசியாவின் சில பகுதிகளையும் தாயகமாகக் கொண்டது. ஆண்டுக்கு ஒருமுறை, வறண்ட பருவத்தில், இலைகளை உதிர்த்து ஓய்வு கொள்ளும் இயல்புடையது. தோட்டத்தில் இதனை வளர்ப்போருக்கு மிகுதியான குழப்பத்தைத் தருவது இவ்வியல்பே. பங்குனி, சித்திரையில் இலையின்றி நிற்கும் செடியைப் பட்டுவிட்டதாகக் கருதி வெட்டி விடுவோரும், காப்பாற்றும் எண்ணத்தில் நாள்தோறும் குடம் குடமாக நீர் ஊற்றி வேரை அழுகச் செய்வோரும் உள்ளனர்.

தென்காசி மாவட்டத்தில் உள்ள தென்காசி, குற்றாலம் ஆகிய ஊர்கள் ஒன்றுக்கொன்று சுமார் 5 கி.மீ தொலைவில் அமைந்தவை. தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் கிடைக்கும் பகுதி இது. எனவே ஒரே மழைக்காலம் உள்ள நிலப்பகுதிகளுக்காக எழுதப்பட்ட தோட்டக்கலை நூல்களின் நாட்காட்டி இங்கு அப்படியே பொருந்துவதில்லை. இக்கட்டுரை இப்பகுதியின் பருவங்களுக்கு ஏற்பப் பவளமல்லியை வளர்க்கும் முறையை விளக்குகிறது.

பெயர்

பூவின் அடிக்குழல் பவளம் போன்ற செம்மஞ்சள் நிறம் கொண்டிருப்பதால் பவளமல்லி எனப்பட்டது. சங்க நூலான குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள் ஒன்றான சேடல் என்பதற்கு நச்சினார்க்கினியர் தம் உரையில் பவழக்கால் மல்லிகை என்று பொருள் தருகிறார். கால் என்பது இங்குக் காம்பைக் குறிக்கும். உண்மையில் அப்பவள நிறப் பகுதி காம்பு அன்று. அல்லி இதழ்கள் ஒன்றிணைந்து உருவான குழல் ஆகும். எனினும் பூவை அடையாளம் காட்டுவதற்கு இதைவிடச் சுருக்கமான பெயர் கிடைப்பது அரிது.

நிக்டாந்தெசு என்பதற்கு இரவில் பூப்பது என்றும், ஆர்போர்-டிரிசுடிசு என்பதற்குத் துயர மரம் என்றும் பொருள். 1753 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயசு இப்பெயரை வெளியிட்டார். கதிரவனைக் காதலித்துக் கைவிடப்பட்ட இளவரசி தீக்குளித்த சாம்பலில் இருந்து இம்மரம் முளைத்தது என்றும், ஆகவே கதிரவனைக் காணப் பொறாமல் விடியும் முன்னரே பூக்களை உதிர்க்கிறது என்றும் ஒரு கதை வழங்குகிறது.

பாரிசாதம் என்ற பெயராலும் இது அழைக்கப்படும். இப்பெயர் குழப்பம் தருவது. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தில் கிண்டூர் என்னும் ஊரில் பாரிசாதம் என்று வணங்கப்படும் பழமையான மரம் பவளமல்லி அன்று. அது ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்க மரம் ஆகும். சமற்கிருத நூல்களில் கல்யாண முருங்கையும் இப்பெயரால் சுட்டப்படுவதுண்டு. எனவே நாற்றுப் பண்ணையில் செடி வாங்கும்போது பெயரைக் கேட்பதோடு நில்லாமல் இலையைத் தடவிப் பார்த்து வாங்குவது நல்லது. அதன் காரணம் அடுத்த பகுதியில் கூறப்பட்டுள்ளது.

வங்காள மொழியில் இது சியூலி என்றும், இந்தியில் அர்சிங்கார் என்றும், மலையாளத்தில் பவிழமல்லி என்றும் அழைக்கப்படுகிறது. மேற்கு வங்காளத்தின் மாநில மலர் இதுவே.

தோற்றம்

தோட்டங்களில் பொதுவாக 2 முதல் 4 மீட்டர் உயரம் வரை வளரும். வெட்டாமல் விட்டால் 10 மீட்டர் வரை உயர்ந்து சிறு மரமாகும். இளங்கிளைகள் நான்கு பட்டைகளுடன் சதுர வடிவில் இருக்கும். மரப்பட்டை சாம்பல் நிறம் கொண்டது. இலைகள் எதிரெதிராக அமைந்தவை. 6 முதல் 12 செ.மீ நீளம் கொண்டவை. இலையின் மேற்பரப்பு உப்புத்தாள் போன்று சொரசொரப்பானது. மரப்பொருட்களைத் தேய்த்து மெருகூட்ட இவ்விலைகள் பயன்பட்டுள்ளன. இச்சொரசொரப்பும் சதுரத் தண்டும் பூக்காத பருவத்திலும் பவளமல்லியை அடையாளம் காண உதவும்.

பூக்கள் கிளை நுனிகளிலும் நுனியை ஒட்டிய இலைக்கக்கங்களிலும் சிறு கொத்துகளாகத் தோன்றும். ஒரு கொத்தில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து பூக்கள் இருக்கும். ஒவ்வொரு பூவிலும் ஐந்து முதல் எட்டு வெண்ணிற மடல்கள் காற்றாடி போலச் சற்றே முறுக்கி அமைந்திருக்கும். மகரந்தத் தாள்கள் இரண்டு. இவை குழலின் உட்புறம் ஒட்டியிருப்பதால் வெளியே தெரிவதில்லை.

பூ உதிரும்போது புல்லி வட்டமும் சூலகமும் செடியிலேயே தங்கி விடுகின்றன. குழலும் மடல்களும் மகரந்தத் தாள்களும் மட்டுமே கீழே விழுகின்றன. ஆகவே உதிர்ந்த பூக்களை எவ்வளவு பொறுக்கினாலும் காய்ப்பு குறைவதில்லை. காய் தட்டையாகவும் ஏறத்தாழ வட்டமாகவும், சுமார் 2 செ.மீ அகலத்தில், பழைய செப்புக்காசு போன்று இருக்கும். முற்றியதும் பழுப்பு நிறமடைந்து இரண்டு பகுதிகளாகப் பிளக்கும். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு விதை உண்டு.

இயற்கை வாழிடம்

குற்றாலம் என்றதும் அருவியும் ஈரமும் நினைவுக்கு வருவதால், அங்குள்ள செடி எதற்கும் நீர் மிகுதியாக வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. பவளமல்லியைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் தவறானது. இமயமலையின் அடிவாரச் சரிவுகளிலும் நடு இந்தியாவின் பாறைப்பாங்கான குன்றுகளிலும் உள்ள வறண்ட இலையுதிர் காடுகளில் இது காட்டுச் செடியாக வளர்கிறது. தென்னிந்தியாவில் பெரும்பாலும் வீட்டுத் தோட்டங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் வளர்க்கப்படுகிறது. திருவாரூர் மாவட்டம் திருக்களர் பாரிசாதவனேசுவரர் கோயிலின் தலமரம் இதுவாகும். (குற்றாலநாதர் கோயிலின் தலமரம் குறும்பலா.)

குற்றால மலையின் உயர்ந்த பகுதிகளில் உள்ள பசுமைமாறாக் காடு இச்செடியின் உலகம் அன்று. மழைக்காலத்தில் விரைந்து வளர்ந்து, மழை ஓய்ந்தபின் சரிவில் நீர் வடிந்து, கோடையில் மண் காய்ந்து போகும் நிலமே அதன் உலகம். வளர்ப்பு முறைகள் அனைத்தும் இந்த ஒரு செய்தியில் இருந்து பெறப்படுபவையே.

இலையுதிர்வு

மண்ணில் ஈரம் குறையும்போது வேர் உறிஞ்சும் நீரை விட இலைகள் ஆவியாக்கும் நீர் மிகுதியாகி விடும். அந்நிலையில் இலைகளை வைத்திருப்பது செடிக்கு இழப்பு. இலைக்காம்பும் தண்டும் சேருமிடத்தில் உதிர்படலம் என்னும் மெல்லிய செல் அடுக்கு உண்டு. இளம் இலை ஆக்சின் என்னும் வளரூக்கியைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும் வரை இவ்வடுக்கு உறுதியாக இருக்கும். இலை முதிர்ந்து ஆக்சின் வரத்துக் குறையும்போது எத்திலீன் வளிமம் இவ்வடுக்கின் மீது செயல்படத் தொடங்குகிறது. செல்களை ஒட்டி வைத்திருக்கும் பொருள் நொதிகளால் கரைக்கப்பட்டு, இலை தன் எடையாலேயே கழன்று விழுகிறது. விழும் முன்னர் இலையில் உள்ள தழைச்சத்தில் ஒரு பகுதியைச் செடி தண்டுக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இலை மஞ்சளாவதற்கு இதுவே காரணம். இது நோய் அன்று. செடி தானே நடத்தும் ஒழுங்கான செயல்.

நோயால் அல்லது வேரழுகலால் இலை விழுவதை இதிலிருந்து பிரித்தறிய வேண்டும். ஓய்வுக்குச் செல்லும் செடியில் முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகி, சில வாரங்களில் படிப்படியாக உதிரும். கிளைகள் விறைப்பாகவே இருக்கும். வேரழுகிய செடியிலோ நுனித் தளிர்களும் சேர்ந்து தொய்ந்து, மண் ஈரமாக இருக்கும்போதே வாடும். பலசமயம் இலைகள் உதிராமல் செடியிலேயே கருகித் தொங்கும். ஒழுங்காக உதிர்ப்பதற்கும் செடிக்கு உயிர் வேண்டும் என்பதை இங்கு நினைவில் கொள்ளலாம்.

ஐயம் தீராவிடில் நகக்கீறல் சோதனை செய்யலாம். பென்சில் பருமன் உள்ள கிளையின் பட்டையை நகத்தால் இலேசாகக் கீற வேண்டும். உட்புறம் பசுமையாகவும் ஈரமாகவும் இருந்தால் கிளை உயிருடன் உள்ளது. பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் அக்கிளை பட்டுவிட்டது. அப்போதும் செடியை வேரோடு களையக் கூடாது. அடுத்துத் தண்டின் அடிப்பகுதியில், தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில், மீண்டும் கீறிப் பார்க்க வேண்டும். அடித்தண்டு பசுமையாக இருந்தால் பட்ட கிளைகளை மட்டும் நீக்கிவிட்டுச் சாரல் தொடங்கும் வரை காத்திருக்கலாம். வெட்டிய அடிக்கட்டையில் இருந்து தழைக்கும் ஆற்றல் பவளமல்லிக்கு நன்றாகவே உண்டு.

ஆண்டு முழுதும் பாய்ச்சல் பெறும் தோட்டங்களில் இலைகள் முற்றிலும் உதிராமல் பாதியளவு உதிர்வதும் உண்டு. எனவே அடுத்த வீட்டுச் செடி பசுமையாக இருப்பது கண்டு கலங்க வேண்டியதில்லை.

இப்பகுதியின் பருவங்களும் செடியின் ஆண்டுச் சுழற்சியும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் அமைந்துள்ளது. சூன் முதல் ஆகத்து, சில ஆண்டுகளில் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று இக்கணவாய் வழியே வலுவாக வீசுகிறது. மலையின் மேற்குப் புறத்தில் பெருமழையைக் கொட்டிவிட்டு வரும் இக்காற்று இப்புறத்தில் மெல்லிய தூறலாகிறது. இதுவே குற்றாலச் சாரல். மலைமேல் பெய்யும் மழை அருவிகளை நிரப்பினாலும், சமவெளியில் உள்ள தோட்டத்து மண்ணில் இறங்கும் நீரின் அளவு அக்காட்சியைக் கொண்டு நினைப்பதை விடக் குறைவே. சாரலின் பயன் வேறு இடத்தில் உள்ளது. காற்றின் ஈரப்பதம் உயர்கிறது, வெப்பம் தணிகிறது, இலை இழக்கும் நீர் குறைகிறது. குற்றாலத்தில் இருந்து கிழக்கே செல்லச் செல்லச் சாரல் குறைந்து காற்று மட்டும் எஞ்சும். சுரண்டையை ஒட்டிய பகுதிகளில் காற்றாலைகள் நிறுவப்பட்டிருப்பது இக்காற்றின் வலிமைக்குச் சான்று.

அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. மண்ணை ஆழமாக நனைத்துக் குளங்களை நிரப்புவது பெரும்பாலும் இம்மழையே. சனவரிக்குப் பின் வறட்சி தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் இடியுடன் கூடிய கோடைமழை அவ்வப்போது பெய்யலாம்.

இவ்விரு பருவங்களுக்கு ஏற்பப் பவளமல்லியின் ஆண்டு பின்வருமாறு அமைகிறது. தை, மாசியில் காய்கள் முற்றி வெடிக்கும், இலைகள் மஞ்சளாகும். பங்குனி, சித்திரை ஓய்வுக்காலம். நல்ல கோடைமழை ஒன்று பெய்தால் வைகாசியிலேயே துளிர் காணலாம். இல்லையெனில் ஆனிச் சாரலில் துளிர்க்கும். ஆடி முழுதும் கிளை நீளும் காலம். ஆவணி தொடங்கிப் புதுக்கிளைகளின் நுனியில் மொட்டுகள் தோன்றும். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை ஆகியவை பூக்கும் மாதங்கள். ஆண்டுதோறும் மழையைப் பொறுத்து இவ்வரிசை சில வாரங்கள் முன்பின்னாக அமையும்.

வங்காளத்தில் நிலைமை வேறு. அங்குத் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும்போது பவளமல்லி பூக்கிறது. துர்க்கை பூசையின் வரவை அறிவிக்கும் மலராக அது கருதப்படுவது அதனாலேயே. தென்காசியில் அதே செடி பூக்கும் வேளையில்தான் பெருமழை தொடங்குகிறது. எனவே அங்கு எழுதப்பட்ட நூல்கள் பூக்காலத்தில் நீர் ஊற்றச் சொன்னால், இங்கு அக்காலத்தில் நீரை வடிப்பதே வேலையாக இருக்கும்.

இடமும் மண்ணும்

நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படும் இடம் வேண்டும். தென்னை, மா ஆகியவற்றின் அடர்ந்த நிழலில் செடி உயிர்வாழும். ஆனால் கிளை மெலிந்து நீண்டு, பூ குறைவாகவே இருக்கும். குற்றாலத்தை ஒட்டிய தோப்புகளில் நடுவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

காற்று மேற்கில் இருந்து வீசுவதால் வீட்டின் அல்லது மதிலின் கிழக்குப் புறம் பாதுகாப்பானது. திறந்த வெளியில் நட்டால் முதல் இரண்டு ஆண்டுகள் முட்டுக்கொம்பு அவசியம். கொம்பைச் செடிக்கு மேற்குப் புறமாக ஊன்றி, எட்டு வடிவில் தளர்வாகக் கட்ட வேண்டும். இறுகக் கட்டினால் ஆடிக்காற்றில் பட்டை அறுபடும்.

தண்ணீர் தேங்காத எந்த மண்ணும் ஏற்றது. மலையடிவாரச் செம்மண் மிகவும் பொருந்தும். கிழக்குப் பகுதியின் கரிசல் மண் ஐப்பசி மழையில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அங்கு ஓர் அடி உயரத்திற்கு மேடு அமைத்து அதன்மேல் நட வேண்டும். குழி வெட்டிய இடத்தில் ஒரு குடம் நீர் ஊற்றிப் பார்த்தால் மண்ணின் இயல்பு விளங்கும். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அவ்விடத்தைத் தவிர்ப்பது நல்லது.

பூக்கள் தரையில் விழுந்தபின் பொறுக்கப்படுபவை என்பதால் செடியின் கீழ்த்தரையையும் நடும்போதே திட்டமிட வேண்டும். சாணம் மெழுகிய தரை, கல் பாவிய தரை, அருகம்புல் ஆகியன பொருந்தும். சாக்கடை ஓரமும் நடைபாதை ஓரமும் பொருந்தா. மழை நாட்களில் மாலையில் ஒரு பழைய வேட்டியைக் கிளைகளின் அடியில் தரையில் இருந்து சற்று உயர்த்திக் கட்டி வைத்தால், காலையில் சேறு படாத பூக்கள் கிடைக்கும்.

நாற்று உருவாக்கமும் நடவும்

விதை, தண்டுத்துண்டு ஆகிய இரண்டாலும் பெருக்கலாம். விதைக்குக் காய்கள் பழுப்பு நிறமடைந்து வெடிக்கும் தறுவாயில், தை அல்லது மாசியில், பறிக்க வேண்டும். புதிய விதைகளே நன்கு முளைக்கும். ஓர் இரவு நீரில் ஊறவைத்து, செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் சம அளவு கலந்த பைகளில் ஒரு செ.மீ ஆழத்தில் விதைக்கலாம். நாற்றுகள் கோடையில் நிழலில் இருக்க வேண்டும். விதையில் இருந்து வரும் செடி பூக்கப் பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும்.

தண்டுத்துண்டு முறைக்கு இப்பகுதியின் சாரல் காலம் பெரிதும் உதவுகிறது. பிற ஊர்களில் துண்டுகளின் மேல் கண்ணாடி அல்லது நெகிழித் தாள் கவிழ்த்து உண்டாக்க வேண்டிய ஈரக்காற்றை இங்கு ஆனி, ஆடி மாதங்களில் இயற்கையே தருகிறது. அரைப்பங்கு முற்றிய, பென்சில் பருமன் உள்ள, 15 முதல் 20 செ.மீ நீளத் துண்டுகளைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும். அடி இலைகளை நீக்கி, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, மணல் மிகுந்த கலவையில் இரண்டு கணுக்கள் புதையும்படி ஊன்ற வேண்டும். வேர்த்தூண்டல் பொடி இருந்தால் பயன்படுத்தலாம். எல்லாத் துண்டுகளும் வேர்விடுவதில்லை. ஒரு செடி வேண்டுமெனில் ஐந்தாறு துண்டுகள் வைப்பது நடைமுறை. துண்டைப் பிடுங்கி வேர் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். இவ்வாறு வளர்த்த செடி விதைச் செடியை விட முன்னதாகப் பூக்கும். தாய்ச்செடியின் பூ அளவும் மணமும் மாறாமல் கிடைக்கும்.

நடவுக்குழி நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் 45 செ.மீ (ஒன்றரை அடி) இருந்தால் போதும். தோண்டிய மண்ணுடன் மூன்றில் ஒரு பங்கு தொழுவுரம் கலந்து நிரப்பலாம். பல செடிகள் நடுவதாயின் இடைவெளி 2.5 முதல் 3 மீட்டர் தேவை. நடுவதற்கு ஆனி, ஆடி ஏற்ற காலம். ஐப்பசிப் பெருமழைக்குள் வேர் பிடித்துவிடும்.

நீரும் உரமும்

முதல் ஆண்டு மழையில்லாத நாட்களில் இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை நீர் ஊற்ற வேண்டும். அதன்பின் துளிர்ப்புக் காலத்தில் வாரம் ஒருமுறை ஆழமாகப் பாய்ச்சினால் போதும். மாசி முதல் சித்திரை வரை நீரைக் குறைப்பதே முறை. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, விரல் ஆழத்திற்குக் கீழும் மண் காய்ந்துள்ளதைப் பார்த்த பின்னர், ஊற்றலாம். இலையில்லாத செடி நீரை மிகக் குறைவாகவே எடுக்கும். ஊற்றும் நீர் வேரைச் சுற்றித் தேங்கும்போது மண்ணில் காற்று இடம்பெறாது. மூச்சுவிட முடியாத வேர் மாண்டு பூஞ்சைக்கு இரையாகிறது. வைகாசியில் துளிர் வராததைக் கண்டு வளர்ப்பவர் மேலும் நீர் ஊற்றுகிறார். பட்டுப்போனதாகத் தோன்றிய செடி உண்மையிலேயே படுவது பெரும்பாலும் இவ்வாறுதான்.

வேறு செடிகளுடன் ஒரே வட்டப்பாத்தியில் பவளமல்லி இருப்பின் இக்கட்டுப்பாடு இயலாது. வாழை, கனகாம்பரம் போன்று நாள்தோறும் நீர் வேண்டுபவற்றின் அருகே அதனை நடாமல் இருப்பது நல்லது.

உரம் ஆண்டுக்கு இருமுறை போதும். முதல் துளிர் கண்டதும் ஒரு கூடை மக்கிய தொழுவுரம். மொட்டு தோன்றும் முன் ஆடிக் கடைசியில் ஒரு கைப்பிடி எலும்புத்தூளும் சிறிது சாம்பலும். தழைச்சத்து மிகுந்தால் இலை செழித்துப் பூ குறையும். ஓய்வுக்காலத்தில் உரமிடக் கூடாது. உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்காமல் செடியின் அடியிலேயே மூடாக்காகப் பரப்பலாம். தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும்.

கவாத்து

பூக்காத பவளமல்லிகள் பலவற்றுக்குக் காரணம் தவறான காலத்தில் செய்யப்படும் கவாத்து ஆகும். பூக்கள் அந்த ஆண்டு வளர்ந்த புதுக்கிளையின் நுனியிலேயே தோன்றுகின்றன. எனவே துளிர்ப்பதற்கு முன் வெட்டினால் புதுக்கிளைகளின் எண்ணிக்கை பெருகிப் பூ மிகும். துளிர்த்து நீண்ட பின் வெட்டினால் மொட்டு தோன்றவிருந்த நுனிகளே வெட்டுப்படும். ஆயுதபூசை, தீபாவளியை ஒட்டி வீட்டைச் சுத்தம் செய்யும்போது வேலியோரச் செடிகளையும் ஒழுங்காக வெட்டிவிடும் வழக்கம் உண்டு. பவளமல்லிக்கு இதைவிடப் பொருந்தாத காலம் வேறில்லை.

காய்கள் உதிர்ந்து இலைகளும் விழுந்த பின், பங்குனியில் கவாத்து செய்ய வேண்டும். கிளைகளின் அமைப்பு அப்போது தெளிவாகத் தெரியும் என்பது கூடுதல் வசதி. முதலில் பட்ட கிளைகளையும், ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும், அடியில் இருந்து எழும் மெலிந்த போத்துகளையும் நீக்க வேண்டும். பின்னர் எஞ்சிய கிளைகளின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டலாம். பல ஆண்டுகள் கவனிப்பாரற்று உயர்ந்துவிட்ட செடியை ஒரே முறையில் குட்டையாக்குவதும் இயலும். ஆயினும் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்குப் பழைய கிளைகளை அடிவரை நீக்கி, மூன்று ஆண்டுகளில் புதுப்பிப்பது பாதுகாப்பானது. பூவை ஓர் ஆண்டு கூட இழக்க வேண்டியதில்லை.

பூச்சிகள்

மழைக்காலத்தில் கம்பளிப்புழுக்கள் தண்டில் கூட்டமாக ஒட்டியிருக்கக் காணலாம். இவை இரவில் இலைகளைத் தின்று பகலில் தண்டில் திரள்கின்றன. மயிர் பட்டால் தோலில் அரிப்பு உண்டாகும். விடியற்காலையில் பூப்பொறுக்கும் குழந்தைகளை எச்சரிக்க வேண்டும். ஒரே இடத்தில் திரண்டிருப்பதால் நீண்ட குச்சியால் சோப்பு நீர் உள்ள வாளியில் தள்ளிவிடுவது எளிது. கடுமையான பூச்சிமருந்துகளைத் தெளிப்பது முறையன்று. பூக்கள் இரவில் அந்துப்பூச்சிகளால் மகரந்தச் சேர்க்கை பெறுபவை. மேலும் கையால் தொட்டுப் பூசைக்குப் பயன்படுத்தப்படுபவை. இலைகளில் காணும் பழுப்புப் புள்ளிகள் ஓய்வுக்காலத்திற்கு முன் பெரும்பாலும் மூப்பின் அடையாளமே.

தொட்டியில் வளர்த்தல்

குறைந்தது 45 செ.மீ விட்டமுள்ள தொட்டி தேவை. வடிகால் துளையின் மேல் ஓட்டுச்சில்லு பரப்ப வேண்டும். மாடியில் வைத்தால் காற்றுக்கு எதிராகத் தொட்டியைக் கைப்பிடிச்சுவருடன் பிணைப்பது இப்பகுதியில் கட்டாயம். ஓய்வுக்காலத்தில் தொட்டி மண் தரை மண்ணை விட விரைவில் காய்வதால் வாரம் ஒருமுறை சிறிதளவு நீர் விடலாம்.

பயன்கள்

தென்காசி வட்டாரத்தில் மல்லிகையும் பிச்சியும் வணிகமாக விளைவிக்கப்பட்டாலும் பவளமல்லி சந்தைக்கு வருவதில்லை. உதிர்ந்த சில மணி நேரத்தில் மடல்கள் வாடிவிடும். கிழக்குப் பார்த்த இடமாயின் காலை வெயில் பட்டதும் சுருங்கும். எனவே இது வளர்ப்பவர் வீட்டிலும் அண்டை வீடுகளிலும் மட்டுமே பயன்படும் பூவாக உள்ளது. தரையில் விழுந்த பூவை வழிபாட்டுக்கு ஏற்பதில்லை என்ற பொதுவான மரபுக்குப் பவளமல்லி விலக்காகக் கருதப்படுகிறது.

இலைச்சாறு காய்ச்சல், மூட்டுவலி, இடுப்பில் இருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி ஆகியவற்றுக்குச் சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் பயன்படுத்தப்படுகிறது. இலைச் சாறுகள் விலங்குகளில் ஆய்வு செய்யப்பட்டுள்ளன. ஆயினும் காய்ச்சல் கண்டவர் மருத்துவரை நாடாமல் இலைக்கசாயத்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்தானது.

பவள நிறக் குழலில் குரோசெட்டின் வகை நிறமி உள்ளது. குங்குமப்பூவுக்கு நிறம் தருவதும் இதே வகைப் பொருளே. முற்காலத்தில் பட்டுக்கும், புத்த துறவிகளின் ஆடைக்கும் சாயமேற்ற இக்குழல்கள் பயன்பட்டன. மாணவர்கள் இதனை எளிதில் செய்து பார்க்கலாம். குழல்களை மட்டும் கிள்ளி எடுத்து நிழலில் உலர்த்தி, ஒரு பிடி அளவு சேர்ந்ததும் வெந்நீரில் ஊறவைத்தால் செம்மஞ்சள் நீர் கிடைக்கும். வெள்ளைப் பட்டுத்துணித் துண்டைப் படிகாரக் கரைசலில் நனைத்த பின் இந்நீரில் இட்டால் பொன்மஞ்சள் நிறம் ஏறும். படிகாரம் சேர்த்தாலும் இச்சாயம் வெயிலில் விரைவில் வெளிறும். எனவே சாயமிட்ட துணியை நிழலிலேயே உலர்த்த வேண்டும்.